ஆட்டுரல் நின்ற நாள்

புதிதாக வர்ணனைக்கு வந்திருக்கும் நீங்கள் போன வாரம் உங்கள் கிரிக்கெட் வர்ணனை அறைக்கு என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினீர்கள். குளுகுளுவென்று ஏசி, ஆளுக்கு ஒரு திரை, பந்து எங்கே விழுந்தது என்று கோடு போட்டுக் காட்ட இன்னொரு திரை, கேட்டால் காப்பி. பார்த்துப் பொறாமைப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். எழுபதுகளில் தில்லி மைதானத்தில் வானொலி வர்ணனை அறை என்றால் தகரக் கூரை போட்ட ஒரு மேடை, ஒரு மேஜை, இரண்டு மைக், நாலு நாற்காலி. அந்த நாலில் ஒன்று ஆடும். ஜனவரி மாதத்தில் ஷூவையும் தாண்டிக் கால் விறைத்துப் போகும் என்பதால் ஆளுக்கு ஒரு சாக்குப் பையில் காலை நுழைத்துக்கொண்டுதான் பேசுவோம். கேட்பவர்களுக்கு அது தெரியாது. கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

கிளம்பும்போது உங்களில் ஒரு பெண் கேட்டாள், "சார், மைக்ல நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?" என்று. அதையெல்லாம் எண்ண முடியுமா என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அது பொய். எண்ண வேண்டியதே இல்லை. ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். மைக்கை வாயிலிருந்து எத்தனை விரல் தள்ளிப் பிடிப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், உங்களில் பாதிப் பேர் நான் விளையாடிய காலத்தில் பிறந்திருக்கவே மாட்டீர்கள். அப்பா திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் குமாஸ்தா. நான் பிறந்து வளர்ந்தது தில்லி கரோல் பாகில். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். தில்லி அணிக்கு விக்கெட் கீப்பராக எட்டு வருஷம் விளையாடினேன். இந்தியாவுக்கு ஆடும் அளவுக்குத் திறமை இல்லை. இல்லை என்று எனக்கே தெரியும் அளவுக்கு இருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. முப்பத்திரண்டு வயதில், இனிமேல் இந்தக் கையால் சட்டைப் பொத்தான் போடுவதே கஷ்டம் என்று ஆனபோது நின்றுகொண்டேன். தடுமாறாமல் ஆங்கிலம் பேசுவேன் என்று யாரோ சொல்லி, வானொலியில் கூப்பிட்டார்கள்.

அங்கே முதல் ஆட்டத்திலேயே மானம் போயிற்று. ஒருவர் மட்டையை வீசினார். வீசிய அழகைப் பார்த்ததும், "நாலு ரன், சந்தேகமே இல்லை" என்று முழங்கிவிட்டேன். எல்லைக்கோட்டுக்குப் பத்தடி முன்னால் ஒரு பையன் பாய்ந்து அதைப் பிடித்துவிட்டான். எனக்குப் பக்கத்தில் ஸ்கோர் எழுத ஒரு சர்தார்ஜி உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆட்டம் நடக்கும் நாளில் லீவு போட்டுவிட்டு வருவார். பென்சிலைச் சீவிச் சீவி ஊசி மாதிரி வைத்திருப்பார். நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு என் முறை முடிந்ததும் மெதுவாகச் சொன்னார், "சாஹப், ஜோ திகே, வஹி போலோ." எது தெரிகிறதோ அதை மட்டும் சொல்லுங்கள்.

இது ஏன் எனக்குக் கஷ்டமாக இருந்தது தெரியுமா? விக்கெட் கீப்பராக இருப்பவனுக்குப் பந்து வருவதற்கு முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். ஆட்டக்காரன் காலை எங்கே வைக்கிறான் என்று பார்த்ததுமே பந்து எங்கே வரும் என்று கை போய் நிற்க வேண்டும். அந்தப் புத்தியோடு மைக் முன்னால் உட்கார்ந்தால் வாய் பந்துக்கு முன்னால் ஓடும். விளையாடிவிட்டுப் பேச வரும் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. உங்களில் இரண்டு பேர் ஆடிவிட்டு வந்தவர்கள், உங்களுக்கும் இருக்கிறது. அன்றைக்குக் கேட்டேன்.

எனக்கு அது தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஐந்து வருஷம் ஒழுங்காகப் பேசினேன். பிறகுதான் சேதுவின் நாள் வந்தது.

சேது கும்பகோணத்துக்காரன். விளையாட்டுக்காகவே மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கொடுத்து இருபது வயதில் அவனைத் தில்லிக்கு வரவழைத்தார்கள். மூன்றாவதாக மட்டை பிடிக்க இறங்குவான். நானும் அவனும் ஒரே அலுவலக அணி, ஒரே தில்லி அணி. என்னைவிட ஆறு வயது சின்னவன், என்னைவிட அறுபது மடங்கு நன்றாக ஆடுவான். அப்பா இல்லை. அம்மாவைக் கூடவே அழைத்துக்கொண்டு வந்து, எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் மாடியில் குடியிருந்தான். எல்லோரும் அவன் அம்மாவை மாமி என்று கூப்பிடுவோம். அந்தப் பஞ்சாபிக் குடும்பமும் "மாமிஜி" என்றுதான் கூப்பிட்டது.

மாமி கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களில் முக்கியமானது ஓர் ஆட்டுரல். ரயிலில் வந்தது. ஸ்டேஷனில் இரண்டு கூலிகள் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கல் என்று சேது சொன்னதும், கல்லையா ரயிலில் கொண்டுவருவார்கள், தில்லியில் கல்லுக்கா பஞ்சம் என்று ஒரு கூலி திட்டிக்கொண்டே வீடு வரைக்கும் வந்து மூன்று மாடிப்படி ஏற்றினானாம். மாமி சொல்லிச் சொல்லி அந்தக் கதை எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சேது ஆட இறங்கினால் மாமிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ரேடியோவைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, ஊறின அரிசியையும் உளுந்தையும் எடுத்துக்கொண்டு ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவன் ஆடும்வரை அரைப்பார். அவன் அவுட்டானால் குழவியை நிறுத்திவிட்டுக் கை கழுவுவார். சேது சீக்கிரம் அவுட்டானால் மாவு நறநறவென்று இருக்கும். நூறு அடித்தால் கரோல் பாகில் நாலு வீட்டுக்கு இட்லி போகும். அந்த வீட்டு இட்லியைத் தொட்டுப் பார்த்தே சேது எத்தனை ரன் எடுத்தான் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. ஹிந்தியில் சரி, சீக்கிரம், அண்ணா, எவ்வளவு என்பதற்கு "அச்சா", "ஜல்தி", "பையா", "கித்னா", இவ்வளவுதான். ஆனால் என் வர்ணனையை ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்.

"உங்களுக்கு என்ன மாமி புரியுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உன் கொரல் எனக்குத் தெரியாதாடா? பத்து வருஷமா இந்த ஆத்துல சாப்பிட்டுண்டிருக்கே. மேலே போனா நாலு. கீழே வந்தா அவுட். நீ கொஞ்சம் வேகமாப் பேசினியானா அவன் ஓடிண்டிருக்கான்."

"அப்ப நான் ஹிந்தியில சொன்னாலும் ஒண்ணுதானே?"

"நீ என்ன பாஷைல வேணா பேசு. நிறுத்தாம பேசு, அது போறும்."

அப்போது இதைக் கேட்டுச் சிரித்தேன். அதைக் காதில் ஒழுங்காக வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அந்தக் குளிர்காலம் வெளிநாட்டு அணி ஒன்று இங்கே சுற்றுப்பயணம் வந்திருந்தது. தில்லியில் வடக்குப் பகுதி அணியோடு அவர்களுக்கு மூன்று நாள் ஆட்டம். சேதுவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இந்த ஆட்டத்தில் நன்றாக ஆடினால் இந்திய அணியில் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் இனிமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். தேர்வுக் குழுக்காரர்கள் ஓவர்கோட்டும் மஃப்ளருமாகப் பெவிலியனில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் அவனோடு கிளம்பலாம் என்று வீட்டுக்குப் போனபோது, மாமி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அரிசி ஊறவைத்திருப்பதைப் பார்த்தேன்.

மூடுபனி விலகி வெயில் வந்ததும் ஆட்டம் ஆரம்பித்தது. முதல் விக்கெட் சீக்கிரம் விழுந்து சேது இறங்கினான். அந்தக் காலத்தில் ஹெல்மெட் கிடையாது. ஒரு தொப்பி, அவ்வளவுதான். அன்றைக்கு அவன் ஆடியதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு நிறைந்து போகிறது. நாற்பது ரன்னைத் தாண்டினான். என் குரல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. கரோல் பாகில் குழவி சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு இங்கேயே தெரிந்தது.

பிறகு அவர்களுடைய வேகப் பந்து வீச்சாளர் திரும்ப வந்தார். அந்தப் பந்து பாதி தூரத்தில் குத்தி முகத்துக்கு எழும்பியது. சேது அதைத் திருப்பி அடிக்கப் போனான். அவன் காலைப் பார்த்தேன். கால் தப்பான இடத்தில் இருந்தது. பந்து படுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இடது கண்ணுக்கு மேலே பட்டது. அந்தச் சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. அவன் அப்படியே மடங்கி விழுந்தான்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். வேண்டுமென்றே அல்ல, வாயே எழவில்லை. கூட்டமும் அடங்கிவிட்டது. ரேடியோவில் அப்போது என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மட்டையில் பட்ட சத்தம் மாதிரி ஒரு சத்தம், "ஓ" என்று ஒரு கூச்சல், அதன்பிறகு ஒன்றுமே இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சர்தார்ஜி என் தோளைத் தொட்டார். அப்போதுதான் மாமி ஞாபகம் வந்தது. குழவி நின்றிருக்கும், மாமி ரேடியோவையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்ததும் என் புத்தி என்னிடம் இல்லை. மைக்கைக் கிட்டே இழுத்து, நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆங்கில வர்ணனையின் நடுவே, தமிழில் சொன்னேன்:

"மாமி, ஒண்ணுமில்ல. பயப்படாதீங்க. சேது எழுந்துட்டான்."

சேது எழுந்திருக்கவில்லை. குப்புறக் கிடந்தான். எதிரணிக்காரர்கள் அவனைச் சுற்றி மண்டியிட்டிருந்தார்கள்.

சர்தார்ஜி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

பிறகு நான் சுதாரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் தொடர்ந்தேன். டாக்டர் ஓடுகிறார், தண்ணீர் கொண்டுபோகிறார்கள். நாலைந்து நிமிஷத்தில் சேது நிஜமாகவே அசைந்தான். எழுந்து உட்கார்ந்தான். ஒரு துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டு, இரண்டு பேர் தோளில் கை போட்டு நடந்தே வெளியே போனான். போகும்போது கூட்டத்தைப் பார்த்துக் கையைக்கூட உயர்த்தினான். கூட்டம் எழுந்து கை தட்டியது. நான் ஒவ்வொன்றையும் விடாமல் சொன்னேன், என் குரலும் பழையபடி மேலே வந்தது. மாமிக்கு இப்போது உயிர் வந்திருக்கும், நாம் சொன்னது பலித்துவிட்டது என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். என்னைப் போல முட்டாள் உண்டா!

என் முறை முடிந்து, ஹிந்தி வர்ணனையாளரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினேன். தையல் போட வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று சேதுவை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய்விட்டார்கள். டாக்டர், பயப்பட ஒன்றும் இல்லை, பேசிக்கொண்டேதான் போனான் என்றார். சரி, நாமும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வாசலுக்கு வந்தேன்.

வாசலில், வேர்க்கடலைக்காரனின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில், தரையில் மாமி உட்கார்ந்திருந்தார்.

காலில் செருப்பு இல்லை. சால்வை இல்லை. முழங்கை வரைக்கும் மாவு, காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது. தில்லிக்கு வந்து பத்து வருஷத்தில் கரோல் பாகை விட்டுத் தனியாக எங்கேயும் போகாதவர், ஒரு ஸ்கூட்டரை நிறுத்தி, "மேட்ச், பையா, ஜல்தி, ஜல்தி" என்றே சொல்லி வந்து சேர்ந்திருக்கிறார். அப்போதெல்லாம் ஆட்டோ ரிக்‌ஷாவைத் தில்லியில் ஸ்கூட்டர் என்றுதான் சொல்வோம். வாசல் காவல்காரனிடம் "சேது, சேது" என்று கேட்டிருக்கிறார். அவன் ஹிந்தியில் என்னென்னவோ சொல்லியிருக்கிறான். அதில் அவருக்குப் புரிந்தது ஆஸ்பத்திரி என்கிற ஒரு வார்த்தைதான். அதைக் கேட்டுத்தான் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாமி! அவனுக்கு ஒண்ணுமில்ல மாமி. நடந்துதான் போனான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் நம்பாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

வாடகைக்காகக் காத்துக்கொண்டிருந்த அதே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் மட்டும் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனேன், கை உயர்த்தினான், கை தட்டினார்கள் என்று. அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

சேது தலையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இடது கண் முழுக்க வீங்கி மூடியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும், "நீ எப்படிம்மா இங்க வந்தே? செருப்பு எங்கே?" என்றான். மாமி அவன் தலையைத் தொடவில்லை. கையில் மாவு இருக்கிறதே என்று யோசித்தாரோ என்னவோ, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. வெளியே வந்து நானும் அழுதேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். ஆட்டுரலில் பாதி அரைத்த மாவு அப்படியே காய்ந்து கல்லோடு ஒட்டிப் போயிருந்தது. மாமி தேங்காய்ச் சிரட்டையை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"பொய் சொன்னியோன்னோ?"

"உங்களுக்குப் பயமா இருக்குமேன்னுதான் மாமி..."

"நீ பேசாம இருந்தியே, அப்போகூட நான் எழுந்துக்கலேடா. குழவியைப் பிடிச்சுண்டு உக்காந்துதான் இருந்தேன். ஏதோ மிஷின் ரிப்பேர்னு நெனச்சுண்டேன். நீ மாமின்னு கூப்பிட்டே பாரு, தமிழ்ல. அஞ்சு வருஷமா அந்தப் பொட்டிலேர்ந்து நீ என்னைக் கூப்பிட்டதே இல்லே. ஊருக்கே பேசிண்டிருக்கறவன் என்னை மட்டும் கூப்பிடறான்னா, அது எதுக்குடா? எழுந்துட்டான்னு சொல்றே, உன் கொரல் பாதாளத்துல கெடக்கறது. நான் எதை நம்பறது? போயிட்டான்னே முடிவு பண்ணிட்டேன்."

நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன்.

"படி இறங்கி ஓடறேன், கீழாத்துப் பொண்ணு பின்னாலேயே கத்திண்டு வரா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியும், அவன் எழுந்து உக்காந்துட்டான்னு ரேடியோல கேட்டுட்டுச் சொல்ல வந்திருக்கா. அதுக்குள்ள நான் ஏறின ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிடுத்து. நீ சும்மா எப்பவும்போலப் பேசிண்டிருந்தேன்னா நான் ஆத்துலயே உக்காந்திருப்பேன். அஞ்சு நிமிஷத்துல எனக்கும் தெரிஞ்சிருக்கும். கரோல் பாக்லேர்ந்து அங்க வர்ற வரைக்கும் நான் என்னென்ன நெனச்சேன்னு உனக்குத் தெரியுமாடா?"

தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அந்த அரை மணி நேரத்தை மாமிக்குக் கொடுத்தவன் நான். அவர்மேல் எனக்கிருந்த பிரியத்தால் கொடுத்தேன் என்பதுதான் இன்னும் மோசம்.

வானொலியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சொந்த விஷயமாக வேற்று மொழியில் பேசியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். ஓர் ஆட்டுரலைப் பற்றி அலுவலக ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு தாள் கிழித்தேன். பேசியது உண்மை, மன்னிக்கவும் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் என்னைக் கூப்பிடவில்லை. வேடிக்கை என்னவென்றால், தமிழில் பேசினேன் என்பதுதான் அவர்களுக்குக் குற்றம். பொய் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. தமிழ் தெரிந்தால் அல்லவா கேட்பதற்கு. அதைக் கண்டுபிடித்தவர் சர்தார்ஜி ஒருவர்தான். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார், மறைக்காமல் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "லேகின் வோ உட்டே நஹீ தே" என்றார். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லையே.

சேதுவுக்குக் கண் தெளிவதற்கு நாலைந்து மாதம் ஆயிற்று. இந்திய அணிக்கு அவனைக் கூப்பிடவே இல்லை. அதைப் பற்றி அவன் ஒருநாள்கூடப் புலம்பவில்லை. நான் புலம்பினேன். "விடுப்பா, அம்மாக்கு அரிசி மிச்சம்" என்பான்.

அடுத்த குளிர்காலத்தில் திரும்ப ஆட வந்தான். என்னையும் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். அதே மைதானம், அதே தகரக் கூரை, அதே சாக்குப் பை. உள்நாட்டு ஆட்டம்தான். ஆனாலும் சேதுவுக்குத் தலைக்கு எழும்பும் பவுன்சர் என்றால் பயம் வந்துவிட்டதா இல்லையா என்று பார்க்கவே பாதிக் கூட்டம் வந்திருந்தது. எதிரணிக்கும் அதே ஆசை. அவன் இறங்கும்போது மைக் என்னிடம் இருந்தது. வேண்டுமென்றால் ஹிந்திக்காரரிடம் கொடுத்துவிடுகிறீர்களா என்று சர்தார்ஜி கண்ணாலேயே கேட்டார். நான் தலையாட்டி மறுத்துவிட்டேன்.

இரண்டாவது பந்து. பாதி தூரத்தில் குத்தி, தலைக்கு எழும்பியது. சேது குனிந்தான், கால் வழுக்கியது, தரையில் சாய்ந்தான். கூட்டம் போன வருஷம் மாதிரியே அடங்கியது. வாய் பழையபடி முன்னால் ஓடப் பார்த்தது. எழுந்துவிடுவான், ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கடை வைத்தவன் சாமான் பட்டியல் படிக்கிற மாதிரி, கண்ணுக்குத் தெரிந்ததை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். சேது தரையில் இருக்கிறார். பந்து விக்கெட் கீப்பரிடம் இருக்கிறது. பந்து பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் சொல்கிறேன். மட்டை இன்னும் வலது கையில் இருக்கிறது. தொப்பி விழவில்லை. இடது கால் மடங்குகிறது. ஒரு முழங்காலில் இருக்கிறார். இப்போது எழுந்து நிற்கிறார். பேண்டில் ஒட்டிய புல்லைத் தட்டுகிறார்.

பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்ன இடத்தில்தான் என் குரல் நிலைக்கு வந்தது. அது எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியாது. சர்தார்ஜி தன் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் யாருக்கும் டீ கொடுத்து நான் பார்த்ததில்லை.

சேது முப்பத்துச் சொச்சம் ரன் எடுத்து அவுட்டானான். பெரிய ஆட்டம் என்று சொல்ல முடியாது. மறுநாள் பேப்பரில் ஒரு வரி வந்திருக்கலாம்.

சாயங்காலம் அவனோடு வீட்டுக்குப் போனேன். அவன் குளிக்கப் போய்விட்டான். சமையலறை மூலையில் ஒரு பெரிய பாத்திரத்தை ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையால் சுற்றி வைத்திருந்தார் மாமி. தில்லிக் குளிரில் அப்படிச் சுற்றி வைத்தால்தான் மாவு புளிக்கும். ஆட்டுரல் கழுவிச் சுத்தமாக இருந்தது. ரஜாயை விலக்கி, மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார். நான் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. எங்கேயும் ஒரு நொய் தட்டுப்படவில்லை.

"முப்பது ரன்னுக்கு இவ்வளவு நைசா வராதே மாமி" என்றேன்.

"வராதுதான். அவுட்டானப்புறமும் கொஞ்சம் அரைச்சேன்."

"நடுவுல அவன் கீழ விழுந்தானே, நிறுத்தலையா?"

"விழுந்தானா?" என்றார். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு மூடியை மூடி ரஜாயை இழுத்துச் சுற்றினார்.

"எனக்கு என்னடா தெரியும், இங்கிலீஷா புரியறது? நீ பேசிண்டே இருந்தே, நான் அரைச்சுண்டே இருந்தேன்."